குறுக்கெழுத்தும் பலபொருள் ஒருசொல்லும்

கோடை விடுமுறையில் ஒருநாள், திண்டுக்கல்லிலிருந்து மதுரை செல்லும் வழியிலுள்ள சின்னாளப்பட்டியில், என்னுடன் பயிலும் நண்பர் ஒருவரின் இல்லத்திற்குச் சென்றிருந்தேன். அவ்வூர் சேலைக்குப் பேர்பெற்றது என்பதை இம்மலரைப் படிப்போர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. நண்பரின் பாட்டனார் உள்ளே குழித்தறியில் அமர்ந்து நெய்துகொண்டிருந்தார். நாங்கள் இருவரும் திண்ணையிலிருந்து ஒரு வார இதழின் குறுக்கெழுத்துக் கட்டங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம். இடமிருந்து வலமாகச் செல்லும் ஒரு குறிப்பு எங்களைத் தடுத்து நிறுத்திவிட்டது. 'நூலிடையே போய்வரும் மரக்கலம்' என்பது அக்குறிப்பு. அதற்குரிய கட்டங்கள் மூன்று.

மரக்கலத்திற்குத் தமிழிற் பெயர்கள் பல. படகு, ஓடம், நாவாய், அம்பி என்னும் நான்கும் மூன்று கட்டங்களில் அடங்குவன. இவற்றுள் எதனைக் கொள்வது? 'நூல்' என்றதை இலக்கியம் எனக் கருதி, எந்த நூலில் எந்தக் கலம் வருகிறதென ஆராயத் தொடங்கினோம். சங்க நூல்களிற் பயில்வது நாவாய் என்றேன் நான். கம்பராமாயணத்துக் குகனை நினைந்து அம்பி என்றார் நண்பர். வாதம் அரைமணி நேரம் வளர்ந்தது. அப்பொழுது உள்ளே தறியின் ஓசை நின்றது.

"இதற்கா தம்பி இவ்வளவு வழக்கு? என் கையில் இருப்பது என்ன, சொல்லுங்கள்" என்றார் பெரியவர்.

"நாடா, தாத்தா" என்றார் நண்பர்.

"நீங்கள் இப்பொழுது நாடா என்கிறீர்கள். என் தகப்பனார் ஓடம் என்றுதான் சொல்லுவார். பாவின் நூலுக்கு நடுவே போய்வருவது அதுதானே? ஓடம் என்று எழுதுங்கள்."

எழுதினோம். மேலிருந்து கீழாக வந்த சொற்களும் அதனோடு பொருந்தின. மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்ட அம்முதியவர் முன், கல்லூரியிற் பயிலும் நாங்கள் இருவரும் தலை குனிந்தோம். 'நூல்' என்றவுடன் எங்கள் நினைவிற்கு வந்தது ஏடு. அவர் நினைவிற்கு வந்தது இழை. சொல் ஒன்றே, அவரவர் வாழ்க்கை அதற்கு வெவ்வேறு பொருளை முன்னிறுத்தியது. அன்று எழுந்த சிந்தனையே இக்கட்டுரையாயிற்று.

இலக்கணம் காட்டும் நெறி

ஒரு சொல்லே பல பொருள் தந்து நிற்பதனைப் 'பலபொருள் ஒருசொல்' என்பர் இலக்கண நூலார். தொல்காப்பியனார் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கத்தில் இதனை இருவகைப்படுத்துகிறார். வினையால் வேறுபட்டுப் பொருள் விளங்குவது ஒருவகை. அவ்வாறு விளங்காதது மற்றொருவகை. முதல்வகையில் ஐயம் நீக்குதற்கு வினை, இனம், சார்பு என்னும் மூன்று துணைகளை அவர் காட்டுகிறார்.

'மா' என்னும் ஓரெழுத்துச் சொல்லை எடுத்துக்கொள்வோம். 'மா பூத்தது' என்னுமிடத்துப் பூத்தலாகிய வினை அது மரமென்பதை உணர்த்துகிறது. 'மாவும் பலாவும் நட்டான்' என்னுமிடத்து உடன்வந்த இனமாகிய பலா அதனை உணர்த்துகிறது. கவசம் பூண்டு வேலேந்தி நிற்பவன் ஒருவன் 'மா கொணர்க' என்பானாயின், அவன் வேண்டுவது மாங்கன்று அன்று, குதிரையே என்பதைச் சார்பு உணர்த்துகிறது. ஆனால் 'மா வீழ்ந்தது' என்றால் யாது செய்வது? மரமும் வீழும், விலங்கும் வீழும். இத்தகைய இடத்தில் 'மாமரம் வீழ்ந்தது' என வெளிப்படக் கிளந்து கூறுக என்பது தொல்காப்பியனார் கருத்து.

பிற்காலத்து எழுந்த நன்னூல், இம்மூன்றனோடு 'இடம்' என்னும் நான்காவதனையும் சேர்த்தது. அட்டிலில் நின்று 'மா குறைந்தது' என்றால் அரைத்த மாவு; வயல்வரப்பில் நின்று உழவர் 'ஒரு மா' என்றால் நிலவளவு. இவ்விடம் என்பதனை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது. சின்னாளப்பட்டித் திண்ணையிலிருந்துகொண்டே 'நூல்' என்பதற்கு இழை என்னும் பொருள் தோன்றாமற்போன எங்களைப் பார்த்து நன்னூலார் நகைத்திருப்பார்!

குறுக்கெழுத்துப் புனைவோர் செய்வது இந்நெறிக்கு நேர்மாறான செயல். கேட்போர் மயங்கலாகாது என்பது இலக்கணத்தின் கவலை; சிறிது நேரம் மயங்கவேண்டும் என்பது குறுக்கெழுத்தின் விருப்பம். ஆகவே அவர் இனத்தை மறைப்பார், சார்பைத் திரிப்பார், இடத்தை மாற்றுவார். ஆயினும் நான்கு துணைகளையும் ஒருங்கே பறித்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை. எங்களை மயக்கிய குறிப்பையே காண்க. 'மரக்கலம்' என்று சார்பைத் திரித்தவர், 'போய்வரும்' என்று வினையை நேர்மையாக விட்டுவைத்தார். ஓயாது போவதும் வருவதும் நாடாவின் தொழில். குறிப்பிற் குறையில்லை, குறை எங்களிடத்தே.

நிகண்டும் அகராதியும்

பலபொருள் ஒருசொற்களைத் தொகுத்துப் பயிலுதல் நமக்குப் புதிதன்று. மண்டலபுருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பன்னிரண்டு தொகுதிகளுள் பதினோராவது இதற்கென்றே அமைந்தது. அதன்கண் சொற்கள் எதுகை முறையில் நிற்கின்றன. திண்ணைப் பள்ளி மாணவர் நிகண்டினை மனனஞ் செய்து, ஒரு சொல்லைக் கேட்டவுடன் அதன் பொருள்களை வரிசையாக ஒப்பித்தனர்.

மனனத்தின் துணையின்றி நாடிக் காண்பதற்கு வழி செய்தவர் இத்தாலிய நாட்டிலிருந்து வந்த வீரமாமுனிவர். 1732-ஆம் ஆண்டில் அவர் தொகுத்த சதுரகராதி, பெயர், பொருள், தொகை, தொடை என்னும் நான்கு பகுதிகளையுடையது. அகரமுதலாக நிற்கும் பெயர்ப்பகுதியில் ஒரு சொல்லின் பல பொருள்களையும் காணலாம். சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட பேரகராதியோ இன்னும் ஒரு படி மேற்சென்றது. ஒரே வடிவினவாயினும் பிறப்பால் வேறான சொற்களை வெவ்வேறு தலைச்சொற்களாகப் பிரித்து எண்ணிட்டுக் காட்டுகிறது.

இப்பிரிவு மாணவர் கருதத்தக்கது. 'திங்கள்' என்பது முதலில் நிலவு. நிலவின் சுழற்சியால் அளக்கப்படும் காலம் ஆதலின் மாதம். நிலவுக்குரிய நாளாதலின் வாரத்தில் ஒரு நாள். இஃது ஒரு வேரிற் கிளைத்த வளர்ச்சி. 'ஆறு' என்பதில் நீர் ஓடும் ஆறும் எண்ணாகிய ஆறும் வடிவால் மட்டும் ஒன்றுபட்டவை. முன்னது ஒரு குடும்பம். பின்னது ஒரே பெயர் பூண்ட அயலார் இருவர்.

கட்டங்களின் கதை

குறுக்கெழுத்தின் வயது மிகுதியன்று. லிவர்பூலிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ஆர்தர் வின் என்பவர், 1913-ஆம் ஆண்டு டிசம்பர் 21-ஆம் நாள் 'நியூயார்க் வேர்ல்டு' என்னும் செய்தித்தாளில் வெளியிட்ட சாய்சதுர வடிவப் புதிரே இதன் தோற்றம் என்பர். 1930-களில் ஆனந்த விகடன் போன்ற தமிழ் இதழ்கள் பரிசுடன் கூடிய போட்டிகளை நடத்தின. தமிழில் உயிர், மெய், உயிர்மெய், ஆய்தம் என 247 எழுத்துக்கள் உளவாதலின், இரு சொற்கள் ஒரு கட்டத்திற் சந்திப்பது ஆங்கிலத்தினும் அரிது. 'ட' இருக்குமிடத்தில் 'டா' பொருந்தாதன்றோ? அவ்வருமையே விடை காண்போர்க்கு நன்மையுமாகிறது. குறுக்கே வரும் ஓரெழுத்து, மயக்கந் தீர்க்கும் வலிய சான்றாய் நிற்கிறது.

பரிசு வந்தவுடன் ஒரு கேடும் உடன் வந்தது. இரு விடைகள் ஒத்துப் பொருந்தும் குறிப்பை இட்டு, நடத்துவோர் முன்னரே முத்திரையிட்டு வைத்த விடையே வெல்லும் என்றால், அங்கே அறிவிற்கு வேலையில்லை. அது சூதாட்டமாகிவிடும். நம் நாட்டுப் பாராளுமன்றம் 1955-இல் பரிசுப் போட்டிச் சட்டத்தை இயற்றியது. எழுத்து, சொல், எண் ஆகியவற்றை அமைக்கும் புதிர்ப் போட்டிகளுக்கு மாதம் ஒன்றில் ஆயிரம் ரூபாய்க்கு மேற்பட்ட பரிசு தருவதை அச்சட்டம் தடுத்தது. 1957-இல் உச்சநீதிமன்றம் அதனை ஆராய்ந்து, அச்சட்டம் சூதின் இயல்புடைய போட்டிகளையே கட்டுப்படுத்தும், பெரும்பாலும் திறமையால் வெல்லப்படுவனவற்றை அன்று எனத் தெளிவுபடுத்தியது. 'வினையும் இனமும் சார்பும் விளங்காவிடத்து வெளிப்படக் கூறுக' என்ற பழைய நெறியின் பயன் இங்கே புலனாகும். துணையொன்றும் இல்லாத பலபொருள் ஒருசொல், நீதிமன்றத்தின் முன்னும் ஐயத்திற்குரியதே.

தறியிற் பிறந்த சொற்கள்

அன்று மாலை பெரியவரிடம் கேட்டறிந்தவற்றை அகராதியோடு ஒப்புநோக்கி, நெசவோடு தொடர்புடைய சில சொற்களை ஈண்டுத் தருகின்றேன்.

1. நூல்: இழை, ஏடு என்னும் இருபொருளையும் பவணந்தி முனிவர் நன்னூற் பாயிரத்தில் அழகுற இணைத்துள்ளார். சொல்லே பஞ்சு, செய்யுளே இழை, புலவனே நூற்கும் மகள், வாயே கை, அறிவே கதிர் என்பது அவர் உருவகம். தச்சர் மரத்தின் கோணலைக் காண இடும் நூலையும் அவர் அடுத்து உவமிக்கிறார்.

2. இழை: நூலின் புரி, அணிகலன். மேற்கூறிய பாயிரச் செய்யுள் ஒன்றிலேயே இவ்விரு பொருளும் வருகின்றன. ஆண்டு நூற்கும் மகள் 'சேயிழை' எனப்படுகிறாள். வினையாக வருங்கால் தச்சர் மரத்தை இழைப்பர், பூசை செய்வோர் சந்தனம் இழைப்பர், தீயோர் தீங்கு இழைப்பர்.

3. பா: செய்யுள், தறியில் நீளவாட்டில் நிற்கும் நூல். பின்னதைப் பாவு என்றும் வழங்குவர். பாவுதல் பரவுதலாகும். நெசவூர்களில் விடியற்காலையிற் பாவைத் தெரு நீளத்திற்குப் பரப்பிக் கஞ்சி தோய்க்கும் காட்சியைக் கண்டோர்க்கு இதன் பொருத்தம் விளங்கும்.

4. ஊடு: நடு, குறுக்கே ஓடும் நூல். ஊடை எனவும் வழங்கும். வினையாயின் காதலர் பிணங்குதல். மேலிருந்து கீழும் இடமிருந்து வலமுமாகச் சொற்கள் பின்னிக்கிடக்கும் குறுக்கெழுத்தே பாவும் ஊடும் கொண்ட ஒரு துணியன்றோ?

5. தறி: நெசவுப் பொறி, நட்ட தூண், வினையாயின் வெட்டுதல். 'கம்பன் வீட்டுக் கட்டுத்தறியும் கவி பாடும்' என்னும் பழமொழியைக் கேட்டு நெசவுத்தறியை நினைப்போர் உளர். 'கட்டு' என்னும் உடன்வந்த சொல்லே அது கால்நடை கட்டும் முளை என்பதைக் காட்டிவிடுகிறது.

6. நெய்: பாலின் பயன், வினையாயின் ஆடை புனைதல். 'நெய்தான்' என்றால் வினை முடிவு ஐயந் தீர்க்கும். 'நெய் வேண்டும்' என்றால் சார்பே துணை.

7. தார்: நாடாவினுள் வைக்கும் சிறு நூற்சுற்று; வேந்தர் மார்பிலணியும் மாலை; சாலையிற் பரப்பும் கரிய பொருள். இறுதியது ஆங்கிலத்திலிருந்து வந்தது. வாழைக்குலையைக் குறிப்பது 'தாறு'. அது வல்லின றகரம். புதிர் புனைவோர் இவ்விரண்டனையும் மயங்கவைத்தல் பிழை.

8. கரை: சேலையின் ஓரம்; ஆற்றின் ஓரம்; வினையாயின் நீரிற் கலந்து மறைதல், காகம் கூவுதல். 'ஆற்றுக்கும் இரண்டு, சேலைக்கும் இரண்டு. காகம் செய்வது ஒன்று' என இதற்கு ஒரு குறிப்பு அமைக்கலாம்.

9. அச்சு: தேரின் இருசு, வார்ப்படம், எழுத்தைப் பதிக்கும் பொறி, தறியில் பாவிழைகளைப் பிரித்து நிறுத்தி ஊடையை நெருக்கும் சீப்புப் போன்ற கருவி. 'தேருக்கும் வேண்டும், நூலுக்கும் வேண்டும்' என்று பெரியவரே இதற்கு ஒரு குறிப்புக் கூறினார். "எந்த நூலுக்கு, தாத்தா?" என்று நண்பர் வினவ, "உங்கள் நூலுக்கும் வேண்டும், எங்கள் நூலுக்கும் வேண்டும்" என்று நகைத்தார்.

பொருள் இறக்கும் வகை

அந்நகைப்பின் பின்னே ஒரு வருத்தமும் இருந்தது. அவ்வீட்டில் முன்பு தறிகள் பல இருந்தனவாம். நான் கண்டது ஒன்றே. மக்கள் வேறு தொழிலுக்குச் சென்றனர். ஓடம் என்னும் பெயரை நண்பர் அன்றுதான் முதன்முதற் கேட்டார்.

பழஞ்சொல் ஒன்று வழக்கொழிந்தால் அதனை அறிஞர் உடனே கண்டுகொள்வர். 'இச்சொல் இக்காலத்து இல்லை' எனக் குறித்தும் வைப்பர். பலபொருள் ஒருசொல்லின் நிலை அத்தகையதன்று. அதன் ஒரு பொருள் மறையும்பொழுது சொல் நம் நாவில் உயிரோடு இருக்கிறது. நாம் ஓடம் என்று நாடோறும் பேசுகிறோம், பாடுகிறோம். ஆதலின் ஓடத்தின் ஒரு பாதி போய்விட்டதை எவரும் அறிவதில்லை. தறி நின்றால் சொல் நிற்பதில்லை. சொல்லின் அறை ஒன்று ஓசையின்றி அடைபடுகிறது.

இதற்கு அகராதி மட்டும் மருந்தாகாது. அகராதியில் ஓடத்திற்கு நெசவுக் கருவி என்னும் பொருள் உண்டு. எனினும் நாங்கள் அதனைத் தேடவில்லை. தேடவேண்டும் என்னும் எண்ணமே எழவில்லை. அறியாதது உளதென்று அறிந்தாலன்றோ தேடுவோம்? அவ்வெண்ணத்தை எழுப்பியது மூன்று கட்டங்களையுடைய ஒரு சிறு புதிர். பொழுதுபோக்கு என்று பலர் இகழும் குறுக்கெழுத்து, நேர்மையுடன் புனையப்படுமாயின், அடைபட்ட அறைகளைத் திறக்கும் திறவுகோலாகலாம் என்பதே யான் கூறவிழைவது.

ஆயின் ஒரு வரம்பு வேண்டும். நெசவாளர் மட்டுமே அறிந்த சொல்லை நகரத்தார்க்குத் துணையின்றிக் கேட்பது வன்கண்மை. எல்லோரும் அறிந்த ஒரு பொருளை வாயிலாக வைத்து, அறியாத பொருளுக்கு அழைத்துச் செல்லுதல் முறை. மரக்கலமாகிய ஓடத்தை அறிந்தவன், இழையிடை ஓடும் ஓடத்தை அடையலாம். வினை, இனம், சார்பு, இடம் ஆகிய நான்கினுள் ஒன்றேனும் குறிப்பில் நிற்றல் வேண்டும். குறுக்கே வரும் எழுத்துக்களும் கைகொடுத்தல் வேண்டும்.

நம் கல்லூரி மாணவர் பல தொழிற் குடும்பங்களிலிருந்து வருவோர். உழவர், தச்சர், குயவர், கொல்லர், நெசவாளர் ஆகியோரின் வீடுகளில் வழங்கும் சொற்களைக் கல்லூரி வாயிலில் கழற்றிவைத்துவிட்டு உள்ளே வரும் வழக்கம் நம்மிடம் உளது. அச்சொற்களுக்கு வெட்க வேண்டுவதில்லை. வரும் விடுமுறையில் ஒவ்வொருவரும் தத்தம் வீட்டுத் தொழிலில் இருபது சொற்களை எழுதிக்கொண்டு, அவற்றுள் வேறு பொருளும் உடையவை எவையென அகராதியில் நாடிக் காண்பாராக. பெரியோர் இருக்கும்போதே வினவுதல் நன்று.

பயிற்சிக்குச் சில

அடைப்புக்குறிக்குள் உள்ளது கட்டங்களின் எண்ணிக்கை.

1. விண்ணில் ஒன்று, ஆண்டிற் பன்னிரண்டு, வாரத்தில் ஒரு நாள் (4)

2. கடலில் எழும், மேடையில் விழும், முதுமையில் முகத்திற் தங்கும் (2)

3. கதவை அடைக்கும், எழுத்தைத் தாங்கும், அடியவர் பணிவர் (2)

4. உடலுக்கும் மேலே, காய்ச்சிய பாலுக்கும் மேலே (2)

5. கட்டுரைக்கு முதலில், சேலைக்கு முடிவில் (4)

விடைகள்: 1. திங்கள். 2. திரை. 3. தாள். 4. ஆடை. 5. தலைப்பு.

ஐந்தாவது குறிப்பைப் பெரியவரிடம் படித்துக் காட்டினேன். அவர் சிறிதும் தயங்காது விடை கூறிவிட்டு, மீண்டும் தறியில் அமர்ந்தார். ஓடம் ஓடத் தொடங்கிற்று.